பழைய டேண்டம் சைக்கிள்: என்னவென்று கண்டுபிடித்து விலை பேசுவது எப்படி

"சித்தி, 1950-களின் ராலேயாம். 1,800 வெள்ளி சொல்றார். வாங்கட்டுமா?" என்று போன மாதம் அக்கா மகன் ஒரு படம் அனுப்பினான். இரண்டு இருக்கை, முன்னால் ராலேயின் நாரைச் சின்னம், பச்சைப் பெயின்ட். படத்தைப் பார்த்து நான் விலை சொல்வதில்லை. அப்பா சிங்கப்பூர் சிராங்கூன் ரோட்டுப் பக்கம் சைக்கிள் பழுது பார்த்தவர். ஸ்பானர் எடுத்துக் கொடுத்தே வளர்ந்தேன். பேட்ஜும் ஸ்டிக்கரும் வண்டி மாறும், பிரேம் மாறாது என்பது அவர் சொல்லிக் கொடுத்தது.

ஞாயிற்றுக்கிழமை ஹவ்காங்கில், அதை விற்கிற அங்கிளின் புளோக்குக்குக் கீழே போய் நின்றோம். என் கையில் ஒரு டார்ச், வெர்னியர், துணி, அவ்வளவுதான்.

முதலில் பெடலைப் பாருங்கள். அதன் அச்சின் முனையில் ஆர், எல் என்ற ஆங்கில எழுத்துகள் இருந்தால் அது வழக்கமான வலது, இடது. டி, ஜி என்றிருந்தால் பிரெஞ்சு. இந்த வண்டியில் டி இருந்தது. அங்கேயே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அப்புறம் வண்டியைத் தலைகீழாகத் திருப்பி, கிராங்க் (பெடல் மாட்டும் தண்டு) நுழையும் கிண்ணத்தைத் துடைத்தோம். பல கிண்ணங்களில் மரையின் அளவைப் பொறித்திருப்பார்கள். 1.37 x 24 என்றால் பிரிட்டிஷ், 36 x 24 என்றால் இத்தாலி, 35 x 1 என்றால் பிரான்ஸ். ராலே பிரிட்டிஷ் நிறுவனம்தான், ஆனால் தன் தொழிற்சாலையில் அங்குலத்துக்கு 26 மரை போட்டது. இங்கே 35 x 1. பின் சக்கரம் மாட்டும் பிளவில் 'சிம்ப்ளெக்ஸ்' என்ற பிரெஞ்சு நிறுவனத்தின் பெயரும் பதிந்திருந்தது. நாரைச் சின்னத்தை விரலால் தடவிப் பார்த்தேன். ரிவெட் இல்லை, பசை போட்டு ஒட்டியிருந்தது.

அங்கிள் ஏமாற்றினார் என்று நினைக்கவில்லை. அவர் வாங்கும்போதே அப்படித்தான் இருந்திருக்கிறது.

வயதுக்கு உதிரிப் பாகங்களைத்தான் கேட்க வேண்டும். ஸ்டர்மி-ஆர்ச்சர் ஹப்பின் (சக்கரத்தின் நடுப்பகுதி) மேல் இரண்டு இலக்க ஆண்டு இருக்கும். 62 என்றால் 1962. பழைய ஷிமானோ பாகங்களில் இரண்டு ஆங்கில எழுத்துகள் இருக்கும். முதலாவது ஆண்டு, ஏ என்றால் 1976, பி என்றால் 1977. இரண்டாவது எழுத்து மாதத்தைச் சொல்லும். ஆனால் சக்கரத்தையோ கியரையோ யாராவது மாற்றியிருக்கலாம். அதனால் மூன்று பாகங்களாவது ஒரே காலத்தைச் சொன்னால்தான் நான் நம்புவேன். பிரேம் குழாயின் பெயரைச் சொல்லும் ரேனால்ட்ஸ் 531 ஸ்டிக்கரும் அப்படியே. அந்தக் குழாய் 1935-இல் வந்தது, நல்ல குழாய்தான். ஆனால் புது ஸ்டிக்கர் இன்றைக்கும் விலைக்குக் கிடைக்கிறது. பிரிட்டிஷ் பிரேமாக இருந்தால் இருக்கையைத் தாங்கும் சீட் போஸ்ட்டை வெர்னியரில் அளந்து பாருங்கள். 27.2 மி.மீ. இருந்தால் அது 531 என்ற நம்பிக்கை கூடும்.

ஈஸ்ட் கோஸ்ட் பார்க்கில் வாடகைக்கு விடுகிற டேண்டமையும் 'விண்டேஜ்' என்று விற்கிறார்கள். தடித்த குழாய், லக் (குழாய்களை இணைக்கும் உறை) இல்லாத முரட்டு வெல்டிங், ஒரே கியர். ஓட்ட வாங்கலாம், சேகரிப்பு மதிப்பு கிடையாது.

இனி சேதம். நம் ஊர் ஈரக்காற்றில் முக்கால்வாசி விலையை இதுதான் தீர்மானிக்கிறது. ஹேண்டில்பார் நுழையும் ஹெட் டியூபுக்குச் சற்றுப் பின்னால், கீழ்க்குழாயின் அடிப்பக்கத்தை விரலால் தடவுங்கள். அங்கே புடைப்போ, பெயின்ட்டில் குறுக்கு வெடிப்போ இருந்தால் முன்னால் மோதிய வண்டி. திரும்பி நடந்துவிடுங்கள். இரண்டு சீட் போஸ்ட்டும் அசைகிறதா பாருங்கள். அலுமினியப் போஸ்ட் இரும்புக் குழாயில் பல வருடம் அசையாமல் இருந்தால் இறுகிப்போகும். அதைவிட முக்கியம், இரு கிராங்குகளையும் இணைக்கும் செயினை இழுத்து வைக்கும் உருளை. பெரும்பாலான டேண்டமில் முன் கிராங்க் நுழையும் கூட்டுக்குள் மையம் தள்ளித் துளையிட்ட ஓர் உருளை இருக்கும். அதைத் திருப்பினால்தான் செயின் இறுகும். இந்த வண்டியில் அது துருவில் சிக்கியிருந்தது. வாங்கி வந்து, துரு நீக்கும் எண்ணெயில் இரண்டு நாள் ஊறவைத்த பிறகுதான் திரும்பியது.

விலைக்கு வருவோம். விற்பனைக்குப் போட்டிருக்கும் விலையைப் பார்க்காதீர்கள், விற்று முடிந்த விலையைத் தேடுங்கள். பாரிஸ் பக்கத்து ரெனே எர்ஸ், அலெக்ஸ் சிங்கர், இங்கிலாந்தின் ஜாக் டெய்லர் போன்ற புகழ்பெற்ற தயாரிப்பாளர்களின் பெயர்கள் பிரேமிலேயே உறுதிப்பட்டால் அது வேறு கணக்கு. அப்படிப்பட்ட வண்டிக்குப் புதுப் பெயின்ட் அடித்து மதிப்பைக் கெடுக்காதீர்கள். வெளிநாட்டு விலையோடு ஒப்பிடும்போது கப்பல் செலவையும் 9 விழுக்காடு பொருள், சேவை வரியையும் சேர்த்துப் பாருங்கள். அந்த அளவுக்கு இங்கேயே இருக்கிற வண்டிக்குக் கூடுதலாகக் கொடுக்கலாம்.

பிறகு கழிக்க வேண்டியவை. டேண்டமுக்குச் சுமார் மூன்று செயின் வேண்டும். பின் பிரேக்குக்கு நீளமான கேபிள் வேண்டும், சாதாரணக் கேபிள் எட்டாது. டயரின் ஓரத்தில் அளவு 622 என்றிருந்தால் எங்கும் கிடைக்கும், 630 என்றால் தேட வேண்டும். எம்ஆர்டி ரயிலில் மடக்கு சைக்கிளுக்குத்தான் அனுமதி என்பதால் லாரி வாடகையும் உண்டு. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடித் தாழ்வாரத்தில் 1.2 மீட்டர் வழி விட்டாக வேண்டும். எட்டடி வண்டியை எங்கே வைப்பது என்று வாங்கும் முன்பே அளந்து பாருங்கள். வைக்க இடமில்லாதவர்கள்தான் பெரும்பாலும் விற்கிறார்கள், பேரம் பேச அது உதவும்.

நாங்கள் கணக்குப் போட்டதில் சரிசெய்ய 400 வெள்ளி வந்தது. பெடலையும் மரையையும் அங்கிளிடம் காட்டினேன். அவரும் குனிந்து டார்ச் அடித்துப் படித்தார். "பிரெஞ்சா? இத்தனை வருஷம் தெரியாம போச்சே," என்றார். 750 வெள்ளிக்கு முடிந்தது. நாரைச் சின்னத்தை மட்டும் அவர் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டார்.