டெவலப்பர் போர்ட்டல்: ஆன்கால் ஆளின் பக்கத்தில் உட்கார்ந்து தொடங்குங்கள்

பிளாட்ஃபார்ம் டீமில் வேலை செய்கிறேன். டெவலப்பர் போர்ட்டல் என்பது நிறுவனத்தின் சர்வீஸ்கள் (தனித்தனியாக ஓடும் மென்பொருள்கள்), அவற்றின் ஓனர்கள், டாக்குமென்ட்டுகள் எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும் உள்தளம். அதைக் கட்டப்போகிறோம் என்று வருகிறவர்களிடம், எந்த டூல் என்ற பேச்சைத் தள்ளிவைக்கச் சொல்வேன். முதலில் ஆன்காலில் (சர்வீஸ் பழுதானால் உடனே கவனிக்கும் பொறுப்பில்) இருப்பவரின் பக்கத்தில் ஒரு வாரம் உட்காருங்கள். அலர்ட் அடித்ததும் அவர் எதையெல்லாம் தேடுகிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள். இந்த சர்வீஸ் யாருடையது? கடைசியாக என்ன டிப்ளாய் ஆனது (எந்த மாற்றம் ஓட்டத்துக்கு வந்தது)? லாக் எங்கே, டேஷ்போர்டு எங்கே? ரோல்பேக் செய்ய (பழைய வெர்ஷனுக்குத் திரும்ப) எனக்கு அனுமதி உண்டா? அந்தக் குறிப்புதான் உங்கள் தேவைப் பட்டியல்.

அதில் முதல் கேள்விக்கு மட்டும் சரியான பதில் கிடைத்தாலே பாதி வேலை முடிந்த மாதிரி. ஸ்பாட்டிஃபை தன் தேவைக்காகக் கட்டி, 2020-இல் ஓப்பன் சோர்ஸாக வெளியிட்ட பேக்ஸ்டேஜ் என்ற போர்ட்டல் சட்டகத்தை எடுத்துக்கொள்வோம். அதில் ஒவ்வொரு சர்வீஸின் ரெப்போவிலும் (கோடு வைக்கும் இடத்திலும்) ஒரு சிறிய யாமல் ஃபைல் (விவரங்களை எழுதும் எளிய டெக்ஸ்ட் ஃபைல்) இருக்கும். பெயர், வகை, லைஃப்சைக்கிள், ஓனர் எல்லாம் அதில் வரும். ஓனர் என்ற இடத்தில் தனி ஆளின் பெயரைப் போடாதீர்கள். ஆள் டீம் மாறிய மறுநாளே அது பொய்யாகிவிடும். டீமின் பெயரைப் போடுங்கள். அந்த டீம் பட்டியலையும் கையால் எழுத வேண்டாம். லாகினுக்கு ஏற்கெனவே பயன்படும் டைரக்டரியிலிருந்தோ கிட்ஹப் டீம்களிலிருந்தோ தானாக வரட்டும். இல்லாத டீமைக் குறிப்பிட்டால் சி.ஐ. (கோடு மாறும்போதெல்லாம் தானாக ஓடும் சோதனை) ஃபெயில் ஆக வேண்டும். கறாராகத் தோன்றும், ஆனால் இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். கேட்டலாக்கில் (இந்த ஃபைல்களைத் திரட்டிப் போர்ட்டல் காட்டும் சர்வீஸ் பட்டியலில்) தவறான பெயரைப் பார்த்து நள்ளிரவில் வேறு யாரையோ எழுப்பிய டெவலப்பர், அடுத்த முறை போர்ட்டலைத் திறக்கவே மாட்டார். நேராகச் சாட்டில்தான் கேட்பார்.

எந்த சர்வீஸ் எதைச் சார்ந்திருக்கிறது என்பதையும் அதே யாமலில் எழுத இடம் உண்டு. கையால் எழுதிய சார்புப் பட்டியல் சீக்கிரமே பழசாகிவிடும். ட்ரேசிங் (ஒரு கோரிக்கை எந்தெந்த சர்வீஸ் வழியாகப் போகிறது என்ற பதிவு) இருந்தால் அதிலிருந்து எடுத்துக் காட்டுங்கள். டாக்குமென்ட்டுகள் கோடின் பக்கத்திலேயே மார்க்டவுன் என்ற எளிய டெக்ஸ்ட் வடிவத்தில் இருக்கட்டும். கோடு மாறும் புல் ரிக்வெஸ்ட்டிலேயே (மாற்றத்தைச் சேர்க்கக் கேட்கும் கோரிக்கையிலேயே) அதையும் திருத்தச் சொல்லி ரிவ்யூவில் கேட்கலாம்.

அடுத்தது டெம்ப்ளேட், அதாவது புதிய சர்வீஸைத் தொடங்க உதவும் மாதிரி. படிவத்தில் பெயரையும் டீமையும் நிரப்பினால் ரெப்போ, சி.ஐ., அலர்ட், கேட்டலாக் ஃபைல் எல்லாம் தயாராக வந்து நிற்கும். புதிதாகச் சேர்ந்தவருக்கு இதைவிடப் பெரிய உதவி கிடையாது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: டெம்ப்ளேட் கோடை ஒருமுறை நகலெடுத்துக் கொடுத்துவிடும், அவ்வளவுதான். நாளை டெம்ப்ளேட்டில் ஒரு பாதுகாப்புத் திருத்தம் செய்தால், ஏற்கெனவே பிறந்த சர்வீஸ்களுக்கு அது போய்ச் சேராது. அதனால் டெம்ப்ளேட்டை மெலிதாக வையுங்கள். பொதுவான விஷயங்களை வெர்ஷன் போட்ட லைப்ரரியிலும், எல்லோரும் பகிரும் சி.ஐ. வொர்க்ஃப்ளோவிலும் வைத்தால், ஓரிடத்தில் திருத்தி எல்லோருக்கும் அனுப்பலாம்.

டேட்டாபேஸ் வேண்டும், க்யூ வேண்டும் என்பதற்கெல்லாம் பட்டன் வைப்பீர்கள். பட்டன் தோற்றுப்போனால் பின்னால் ஓடிய டெராஃபார்மின் (இவற்றை உருவாக்கும் டூலின்) லாக்கை அதே பக்கத்தில் காட்டுங்கள். ‘ஏதோ தவறு நடந்தது, அட்மினை அணுகவும்’ என்று மட்டும் வந்தால் பழைய டிக்கெட் வரிசைக்கே எல்லோரும் திரும்பிவிடுவார்கள்.

ஸ்கோர்கார்டு, அதாவது ஒவ்வொரு சர்வீஸின் தரத்துக்கும் போடும் மதிப்பெண், பற்றி எனக்கு உறுதியான கருத்து உண்டு. டீம்களை வரிசைப்படுத்தி மேலாளர்களுக்குக் காட்டும் பலகையாக அதை மாற்றாதீர்கள். மதிப்பெண்ணுக்காகச் செய்யும் வேலை சர்வீஸுக்கு உதவாது. ‘இந்த சர்வீஸுக்கு ரன்புக் (பழுது வந்தால் செய்ய வேண்டியவற்றின் குறிப்பு) இல்லை, மாதிரி இங்கே இருக்கிறது’ என்று அந்த டீமுக்கு மட்டும் சொன்னால் போதும்.

பலன் தெரிகிறதா என்று பார்க்கப் பக்கப் பார்வைகளை எண்ண வேண்டாம். புதியவர் சேர்ந்த நாளிலிருந்து முதல் ப்ரொடக்‌ஷன் டிப்ளாய் வரை எவ்வளவு நாள் ஆகிறது, ‘இது யாருடைய சர்வீஸ்?’ என்ற கேள்வி சாட்டில் குறைகிறதா என்ற இரண்டைப் பாருங்கள்.

டூலுக்கு இப்போது வரலாம். பேக்ஸ்டேஜ் நிறுவியதும் ஓடிவிடும் பொருளல்ல. டைப்ஸ்கிரிப்ட்டிலும் ரியாக்டிலும் நீங்களே கட்டிக்கொள்ள வேண்டிய சட்டகம் அது. மாதந்தோறும் ரிலீஸ் வரும், ப்ளகின்களை அதற்கேற்ப ஏற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அதற்கென்று ஆட்கள் இல்லையா? யாமல் ஃபைல்களை மட்டும் பேக்ஸ்டேஜ் வடிவத்திலேயே எழுதுங்கள். தினமும் அவற்றைத் திரட்டி, தேடக்கூடிய ஒரே பக்கமாக மாற்றும் ஸ்கிரிப்ட் போதும். பின்னர் ஆட்கள் கிடைத்தால் அதே ஃபைல்களை பேக்ஸ்டேஜில் அப்படியே ஏற்றிக்கொள்ளலாம்.