பழைய கணினிக்கு வெளி எஸ்எஸ்டி: பணம் வீணாகும் இடங்கள்

டெஸ்க்டாப்பை ஆன் செய்துவிட்டு, டீ குடித்து வந்தாலும் அந்த வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறதா? பெரும்பாலும் பிராசஸர் மேல் பழி இல்லை. ஹார்ட் டிஸ்க்தான் காரணம். சுழலும் தட்டின் மேல் ஒரு முள் அங்கும் இங்கும் நகர்ந்துதான் ஒவ்வொரு துண்டுத் தகவலையும் தேடி எடுக்க வேண்டும். சிதறிக் கிடக்கும் ஃபைல்களை அப்படி விநாடிக்கு நூறு தடவைக்குச் சற்று மேல் எடுப்பதற்குள் அதற்கு மூச்சு வாங்கிவிடும். சுழலும் பாகமே இல்லாமல் சிப்பில் தகவலை வைக்கும் எஸ்எஸ்டி அதே வேலையைப் பல ஆயிரம் தடவை செய்யும். ஆகவே எஸ்எஸ்டி போட்டால் வேகம் கூடும், அதில் சந்தேகமில்லை. யூஎஸ்பியில் சொருகும் வெளி எஸ்எஸ்டி என்று வரும்போதுதான் பலர் ஏமாறுகிறார்கள்.

முதல் ஏமாற்றம்: வாங்கி வந்து சொருகி, கல்யாண போட்டோ, சினிமா, டேலி பேக்கப் எல்லாவற்றையும் அதற்கு மாற்றிவிட்டு, "ஒண்ணும் மாறலையே" என்பது. எப்படி மாறும்? விண்டோஸ் இன்னும் பழைய டிஸ்க்கில்தானே இருக்கிறது. இயங்குதளமும் புரோகிராம்களும் எஸ்எஸ்டியிலிருந்து ஓடினால்தான் வித்தியாசம் தெரியும்.

அடுத்தது போர்ட். பணம் அதிகமாக வீணாவது இங்கேதான். யூஎஸ்பி 2.0 தாளில் விநாடிக்கு 480 மெகாபிட். கைக்கு வருவது விநாடிக்கு 30, 40 எம்பி. நல்ல ஹார்ட் டிஸ்க்கே 100 எம்பியைத் தாண்டும்! யூஎஸ்பி 3.0 என்றால் 5 ஜிகாபிட், நடைமுறையில் 400 எம்பி வரை வரும். 2011, 2012 வாக்கில் நம்ம ஊர்க் கடைகளில் அசெம்பிள் செய்த சிபியூக்களில் இன்டெல் ஹெச்61 மதர்போர்டுகள் நிறைய உண்டு. அந்த சிப்செட்டில், அதாவது மதர்போர்டின் முக்கிய சிப்பில், யூஎஸ்பி 3.0 கிடையாது. சில கம்பெனிகள் தனி சிப் வைத்துக் கொடுத்தன, அவ்வளவுதான். பின்பக்கம் நீல நிற போர்ட் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுக் கடைக்குப் போங்கள்.

நீல போர்ட் இருந்தும் முன்பக்கத்தில் சொருகுவார்கள் சிலர். கடலூர் மஞ்சக்குப்பத்தில் கலெக்டர் ஆபீஸ் பக்கம் இருக்கும் ஜெராக்ஸ் கடை ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். சிபியூ மேசைக்கடியில் இருக்கும். வருகிறவர்களின் பென் டிரைவ் எல்லாம் ஏறி இறங்கி முன் போர்ட் லொடலொடவென்று ஆகியிருக்கும். அதில் விண்டோஸ் ஓடும் எஸ்எஸ்டியைத் தொங்கவிட்டால், யாரோ ஒருவர் கால் பட்டதும் திரை உறைந்துவிடும், பாதி அடித்த பத்திரம் போய்விடும். பின்பக்கம், நேரடியாக மதர்போர்டில் சொருகுங்கள். ஹப் வேண்டாம். கூடவே வந்த கேபிளையே பயன்படுத்துங்கள். போன் சார்ஜர் கேபிளும் டைப்-சிதான், பொருந்தவும் செய்யும். ஆனால் அவற்றில் பல யூஎஸ்பி 2.0 வேகத்துக்கு மேல் போகாது.

வேகத்தைச் சோதிக்க, பழைய டிஸ்க்கிலிருந்து ஒரு படத்தைக் காப்பி செய்து பார்த்தால் பழைய டிஸ்க்கின் வேகம்தான் தெரியும். டிஸ்க்கின் வேகத்தை அளக்கும் கிறிஸ்டல்டிஸ்க்மார்க் புரோகிராம் இலவசம், அதை ஓட்டிப் பாருங்கள்.

சரி, வெளி எஸ்எஸ்டி தேவையா என்றே ஒரு கேள்வி இருக்கிறது. திறக்கக்கூடிய கேபினெட் என்றால் தேவையில்லை என்பேன். உள்ளே டிஸ்க்கை இணைக்கும் சாட்டா போர்ட் ஒன்று காலியாக இருக்கும். கரண்ட் கொடுக்கும் பெட்டியான எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து பவர் வயரும் தொங்கிக்கொண்டிருக்கும். மேலே சொன்ன ஹெச்61 போர்டில் சாட்டா பழைய 3 ஜிகாபிட்தான். அதிலேயே 250 எம்பிக்கு மேல் வரும், யூஎஸ்பி 2.0 அதன் பக்கத்தில்கூட வராது. வெளி எஸ்எஸ்டிக்கு நியாயமான இடம், திரையும் கணினியும் ஒன்றாக இருக்கும் ஆப்பிளின் ஐமேக் மாதிரி பெட்டிகள். 2012 கடைசியில் வந்த மாடலிலிருந்து திரையைப் பசை போட்டு ஒட்டிவிட்டார்கள், திறப்பது பெரும்பாடு. அதே மாடலில்தான் ஐமேக்குக்கு யூஎஸ்பி 3.0 வந்தது. மேக்ஓஎஸ் வெளி டிரைவிலிருந்து மறுபேச்சு இல்லாமல் கிளம்பும். லினக்ஸும் அப்படித்தான்.

விண்டோஸ் அப்படியல்ல. அதன் இன்ஸ்டாலர் யூஎஸ்பி டிரைவைப் பார்த்ததும் மறுத்துவிடும். ரூஃபஸ் என்ற இலவச புரோகிராம் வழியாக, யூஎஸ்பி டிரைவிலிருந்தே விண்டோஸை ஓட்டும் 'விண்டோஸ் டு கோ' முறையில் போடலாம். ஆனால் மைக்ரோசாஃப்ட் அந்த வசதியை 2020லேயே கைவிட்டுவிட்டது, பெரிய அப்டேட்கள் அதில் ஏறாமல் தகராறு செய்யும். தொழிலுக்கு ஓடும் கணினியில் நான் இதைச் செய்யச் சொல்ல மாட்டேன்.

ரேம் 4 ஜிபிதான் என்றால் முதலில் அதை 8 ஆக்குங்கள். இந்தக் காலத்துக் கணினிகளில் இருக்கும் டிடிஆர்3 வகை ரேம் இன்னும் கிடைக்கிறது.

கரண்ட் விஷயம். எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் எஸ்எஸ்டிக்கும் ஆபத்துதான், யூபிஎஸ் இல்லாமல் ஓட்டாதீர்கள். ஹார்ட் டிஸ்க் சாகுமுன் பல சமயம் கிர்கிர் என்று சத்தம் கொடுக்கும். எஸ்எஸ்டி பெரும்பாலும் சொல்லாமல் கொள்ளாமல் போய்விடும். 2011 டிசம்பர் 30ல் 'தானே' புயல், 2024 நவம்பர் 30ல் 'ஃபெஞ்சல்' புயல் என்று பார்த்த ஊர் இது. ஆகவே கணக்கு வழக்கின் இன்னொரு பிரதி வேறு டிஸ்க்கில், வேறு வீட்டில் இருக்கட்டும். தேவனாம்பட்டினம் மாதிரி கடலை ஒட்டிய இடங்களில் உப்புக் காற்றில் போர்ட்டின் உலோகம் மங்கிவிடும். இணைப்பு விட்டு விட்டு வந்தால், டிரைவைக் குறை சொல்லுமுன் அதைப் பாருங்கள்.

எல்லாம் மாற்றிய பிறகும் வேகம் வரவில்லையா? பழைய டிஸ்க்கிலும் விண்டோஸ் அப்படியே இருக்கும், கணினி ஆன் ஆனதும் முதலில் ஓடும் பயாஸ் அதிலிருந்தே கிளப்பிக்கொண்டிருக்கும். பூட் வரிசையில் எஸ்எஸ்டியை முதலில் வையுங்கள். டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்து, சி டிரைவ் எந்த டிஸ்க்கில் இருக்கிறது என்று பாருங்கள். எஸ்எஸ்டியில் இருந்தால், பழையதை இரண்டு வாரம் தொடாமல் வைத்திருந்துவிட்டு அப்புறம் ஃபார்மட் செய்யலாம்.