அனுபவமுள்ள செவிலியர் வெளிநாட்டு வேலைக்கு முயலும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஐ.சி.யு.வில் பத்தாண்டு பணியாற்றிய ஒரு செவிலியர், வெளிநாட்டு வேலைக்கு விண்ணப்பிக்கும்போது, படிப்பு முடித்து இரண்டே ஆண்டான இளையவரைவிட அதிகம் தடுமாறுவதுண்டு. தம் அனுபவத்தைச் சொன்னாலே போதும் என்று அவர் நம்பிவிடுவதுதான் காரணம். வெளிநாட்டு உரிம அமைப்புகளோ, எழுத்தில் உள்ள, கொடுத்தவரிடமே கேட்டு உறுதிசெய்யக்கூடிய அனுபவத்தை மட்டுமே கணக்கில் எடுக்கின்றன.

அதனால் சான்றுகளை வேலை உறுதியான பிறகு சேகரித்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடக் கூடாது. துபாய், சவுதி போன்ற இடங்களின் உரிமத்துக்காக டேட்டாஃப்ளோ நிறுவனம், பல்கலைக்கழகத்தையும் நர்சிங் கவுன்சிலையும் முன்பு பணியாற்றிய மருத்துவமனையையும் நேரடியாகத் தொடர்புகொண்டு விவரங்களைச் சரிபார்க்கிறது. அந்த மருத்துவமனை இதற்குள் மூடப்பட்டிருந்தாலோ, கைமாறியிருந்தாலோ, மின்னஞ்சலுக்குப் பதில் சொல்ல அங்கே ஆள் இல்லாவிட்டாலோ, உண்மையில் உழைத்த ஆண்டுகளும் ‘சரிபார்க்க இயலவில்லை’ என்றே திரும்பி வரும். சேர்ந்த தேதி, விலகிய தேதி, பதவி, பிரிவு, முழுநேரப் பணியா என்பது, மருத்துவமனையின் படுக்கை எண்ணிக்கை ஆகிய அனைத்தும் லெட்டர்ஹெட்டில் கையொப்பத்துடனும் முத்திரையுடனும் இருக்கும்படி, பணியிலிருந்து விலகும் நாளிலேயே கேட்டு வாங்கிவிடுவது நல்லது. ‘சிறப்பாகப் பணிபுரிந்தார், எதிர்காலம் சிறக்க வாழ்த்துகிறோம்’ என்ற இரண்டு வரிக் கடிதம் எதற்கும் உதவாது. இடைவெளியை மறைக்கத் தெரிந்தவர் மூலம் பொய்ச் சான்று வாங்குவதோ, உண்மையான தகுதியையும் சேர்த்தே கெடுத்துவிடும்.

தமிழ்நாட்டினருக்கு இன்னொரு தொல்லை இனிஷியலால் வருகிறது. மதிப்பெண் பட்டியலில் ‘எஸ். ரேவதி’, கவுன்சில் பதிவில் ‘ரேவதி எஸ்.’, பாஸ்போர்ட்டில் ‘ரேவதி செல்வம்’, திருமணத்துக்குப் பின் ஆதாரில் ‘ரேவதி குமார்’ என்று இருந்தால், நமக்கு அவர் ஒருவர்தான். எங்கோ உட்கார்ந்து ஆவணங்களை ஒப்பிடுபவருக்கு நான்கு பேர். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயருக்கான கட்டத்தைக் காலியாக விட்டிருந்தாலும் சிக்கல்தான். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டுகளை ஏற்க மாட்டோம் என்று அறிவித்து, பின்னரே சற்றுத் தளர்த்தியது. முதலில் பாஸ்போர்ட்டைச் சரிசெய்துகொண்டு, பிறகு அதே பெயரில் கவுன்சில் பதிவைத் திருத்தி, அதன் பின்னரே டிரான்ஸ்கிரிப்டுக்கும் (படித்த பாடங்களின் விவரப் பட்டியல்) குட் ஸ்டாண்டிங் சான்றிதழுக்கும் (பதிவு செல்லுபடியாகிறது, புகார் இல்லை என்று கவுன்சில் தருவது) விண்ணப்பித்தால் அலைச்சல் பாதியாகக் குறையும்.

மொழித் தேர்வுக்குப் படிப்பதற்காக வேலையை விடுவது, நல்ல நோக்கத்துடன் செய்யப்படும் தவறு. வளைகுடா உரிமங்களுக்கு அண்மைக்கால அனுபவம் தேவைப்படுவதால், நீண்ட இடைவெளி விழுந்தவர் முன்பு இருந்த தகுதியையும் இழக்க நேரிடும். பிரிட்டனுக்கு ஐ.இ.எல்.டி.எஸ். அகாடமிக் என்ற ஆங்கிலத் தேர்வில் வாசிப்பு, கேட்டல், பேச்சு ஆகியவற்றில் 7, எழுத்தில் 6.5 வேண்டும்; பலர் சறுக்குவது எழுத்தில்தான். அத்தகையவர்கள் கேஸ் ஷீட்டும் பரிந்துரைக் கடிதமுமாக, நமக்குப் பழகிய உலகத்திலேயே நடக்கும் ஓ.இ.டி. என்ற, மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வை ஒருமுறை முயன்று பார்க்கலாம்.

பிரிட்டன் சென்று இறங்கிய பின் எழுதும் ஆஸ்கி செயல்முறைத் தேர்வில்தான் அனுபவம் எதிரியாகிறது. ‘எட்டாம் பெட்டுக்கு இன்ஜெக்‌ஷன்’ என்று பழகியவர், கையைச் சுத்தம்செய்து, தம்மை அறிமுகப்படுத்திக்கொண்டு, நோயாளியின் பெயரையும் பிறந்த தேதியையும் கைப்பட்டையுடன் ஒப்பிட்டு, ஒவ்வாமை உண்டா என்று கேட்டு, சம்மதம் பெற்ற பிறகே மருந்தைத் தொட வேண்டும். இவற்றையெல்லாம் மனத்துக்குள் செய்துவிட்டு வேகமாக முடிப்பவருக்கு மதிப்பெண் கிடைக்காது. வேலையில் சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முதல்முறை எழுதி, எட்டு மாதத்துக்குள் பதிவு பெற வேண்டும் என்பது விசா நிபந்தனை என்பதால், ஊரில் இருக்கும்போதே வாய்விட்டுச் சொல்லிப் பழகுவது அவசியம். ஜெர்மனியில் அதிர்ச்சி வேறு வகையானது. இங்கே உறவினரோ ஆயாவோ செய்யும் குளிப்பாட்டுதல், உணவூட்டுதல் எல்லாம் அங்கே செவிலியரின் அன்றாடக் கடமை. அதைத் தரக்குறைவாக நினைப்பவர் ஜெர்மன் மொழியில் பி2 நிலை வரை படித்தும் மனம் ஒட்டாமல் தவிப்பார்.

பணத்தைப் பொறுத்தவரை, பதிவுபெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய கட்டணத்துக்கு இந்திய அரசு வைத்துள்ள உச்சவரம்பு 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான். பிரிட்டன் வேலைக்கோ, அந்நாட்டு அரசின் நெறிமுறைப்படி, வேலை தேடுபவரிடம் ஆள்சேர்ப்புக் கட்டணமே வாங்கக் கூடாது. குவைத் செவிலியர் வேலைக்கு லட்சக்கணக்கில் வசூலித்த மோசடி 2015இல் கொச்சியில் வெளிவந்தது. அதே ஆண்டு முதல், வளைகுடா நாடுகள் உள்ளிட்ட 18 நாடுகளுக்குச் செல்லும் செவிலியர், எந்த வகைப் பாஸ்போர்ட் வைத்திருந்தாலும், இந்திய அரசின் இமைக்ரேட் இணையதளம் வழியே குடியேற்ற அனுமதி பெற்றாக வேண்டும். ‘விசிட் விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம்’ என்று சொல்லும் ஏஜென்ட்டிடம் பேச்சை அத்துடன் நிறுத்திக்கொள்ளலாம். சென்னையில் தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் இருப்பதை நம்மில் பலர் கடைசியாகத்தான் நினைக்கிறோம்.

ஒப்பந்தத்தில் சம்பளத்தை மட்டும் பார்த்துவிட்டுக் கையெழுத்திடுபவர்கள், இடையில் விலகினால், தம்மை அழைத்துக்கொள்ள நிறுவனம் செய்த செலவுக்காகத் திருப்பிக் கட்ட வேண்டிய தொகையைப் பிறகுதான் கவனிக்கிறார்கள். அத்தொகை எவ்வளவு, மாதந்தோறும் குறையுமா, தேர்வில் தோற்றாலும் கட்ட வேண்டுமா, பதிவு கிடைக்கும்வரை எந்தச் சம்பளம் என்ற கேள்விகளுக்கு, தொலைபேசியில் வாய்வார்த்தையாக அல்லாமல், மின்னஞ்சலில் பதில் வாங்கிய பிறகே இங்குள்ள வேலைக்கு ராஜினாமாக் கடிதம் கொடுக்க வேண்டும்.