ஆர்என்ஏ பாலிமரேஸ் வாலை ஸ்டிக்கர் பொட்டு வச்சு புரிஞ்சுக்கலாம் வாங்க

பயாலஜி படிக்கிற பசங்க நிறைய பேர் டிரான்ஸ்கிரிப்ஷனை ஈஸியா சொல்லிடுவாங்க, டிஎன்ஏல பாலிமரேஸ் உட்காருது, ஆர்என்ஏ எழுதுது, இறங்கிடுதுன்னு. ஆனா இப்ப ஆரம்பத்துல இருக்கோமா, நடுவுல ஓடுறோமா, முடிக்கப் போறோமான்னு அந்த மெஷினைச் சுத்தி இருக்கிற மத்த புரோட்டீனுக்கெல்லாம் எப்படி தெரியுதுன்னு கேட்டா அங்க நிப்பாங்க. அதுக்கு பதில் அதோட வால்ல இருக்கு. இதை படம் பார்த்து புரிஞ்சுக்கிறதை விட கையால செஞ்சு பார்த்தா நல்லா மனசுல நிக்குது. ஒரு வெள்ளை பேப்பர், பேனா, சிவப்பு பச்சை ரெண்டு கலர்ல ஸ்டிக்கர் பொட்டு, அவ்ளோதான் வேணும்.

படி 1: வாலை எழுதுங்க

பேப்பரை நீளமா ரிப்பன் மாதிரி வெட்டிக்கோங்க. அதுல இந்த ஏழு அமினோ அமிலத்தை வரிசையா எழுதுங்க: டைரோசின், செரின், ப்ரோலின், த்ரியோனின், செரின், ப்ரோலின், செரின். இதே ஏழையும் திரும்பத் திரும்ப நாலஞ்சு தடவை எழுதுங்க. நிஜத்துல மனுஷனோட ஆர்என்ஏ பாலிமரேஸ் 2-ல (எம்ஆர்என்ஏவை எழுதுறது இதுதான்) இது கிட்டத்தட்ட இதே மாதிரி 52 தடவை வருது, ஈஸ்ட்ல 26 தடவை. பாலிமரேஸ்லயே பெரிய துண்டான ஆர்பிபி1-ஓட கடைசில இந்த வால் தொங்குது, இதுக்கு பேரு சிடிடி.

ஒவ்வொரு ஏழுலயும் 2, 5, 7-வது இடத்துல செரின் இருக்கு பாருங்க, அதுல 2-ஐயும் 5-ஐயும் வட்டம் போட்டுக்கோங்க, இன்னைக்கு நமக்கு அது ரெண்டும்தான் முக்கியம். செரின்ல பாஸ்பேட் ஒட்டலாம், ஒட்டினா அந்த இடத்துக்கு நெகடிவ் சார்ஜ் வந்துடும், வாலைப் பிடிக்கிற புரோட்டீன் ஆளும் மாறிடும். நம்ம பொட்டுதான் பாஸ்பேட்.

படி 2: பொட்டு இல்லாம ஆரம்பிங்க

இன்னொரு பேப்பர்ல நீளமா ஒரு கோடு போடுங்க, அதுதான் ஜீன். இடது ஓரம் ப்ரோமோட்டர், அதாவது பாலிமரேஸ் வந்து உட்கார்ற ஆரம்ப இடம். ரிப்பனை அங்க வைங்க, பொட்டு எதுவும் ஒட்டாம. பாலிமரேஸ் ப்ரோமோட்டர்ல வந்து உட்காரும்போது வால் பெரும்பாலும் சுத்தமாதான் இருக்கும், மீடியேட்டர்னு ஒரு பெரிய புரோட்டீன் கூட்டம் அந்த சுத்தமான வாலைத்தான் பிடிச்சுக்கும்.

படி 3: செரின் 5-ல சிவப்பு பொட்டு

இப்ப டிஎஃப்ஐஐஹெச்ங்கிற கூட்டத்துல இருக்கிற சிடிகே7 என்சைம் செரின் 5-ல பாஸ்பேட் ஒட்டும். நீங்க சிவப்பு பொட்டு ஒட்டிட்டு ரிப்பனை லேசா வலது பக்கம் நகர்த்துங்க. மீடியேட்டரோட பிடி விடுது, பாலிமரேஸ் ப்ரோமோட்டரை விட்டு கிளம்புது. அதே சிவப்பு பொட்டைப் பார்த்துதான் ஆர்என்ஏவுக்கு தொப்பி மாட்டுற கேப்பிங் என்சைம் வந்து ஒட்டிக்குது, ஆர்என்ஏ 20, 30 எழுத்து வெளிய வந்ததுமே தொப்பி மாட்டியாகணும், இல்லேன்னா முனையிலேருந்து அதை அரிச்சுத் தின்ன என்சைம்கள் இருக்கு.

இந்த இடத்துல கொஞ்சம் நில்லுங்க, எனக்கு ரொம்பப் பிடிச்ச சோதனை ஒண்ணு இருக்கு. பிளவு ஈஸ்ட்னு ஒரு வகை, அதுல எல்லா செரின் 5-ஐயும் பாஸ்பேட் ஒட்ட முடியாத அலனின்ங்கிற வேற அமினோ அமிலமா மாத்தினா செல் செத்துடும். ஆனா கேப்பிங் என்சைமை நேரா வாலோடவே சேர்த்து தைச்ச மாதிரி இணைச்சுவிட்டா அதே செல் பிழைச்சுக்குது! அப்ப அந்த செல்லுக்கு செரின் 5 பொட்டு உயிர்போற அளவுக்கு தேவைப்பட்டதே முக்கியமா தொப்பிக்காரரைக் கூப்பிடத்தான். ஒரு சின்ன பாஸ்பேட்டுக்கு இருக்கிற வேலையை இவ்ளோ தெளிவா காட்டின சோதனை ரொம்ப கம்மி.

ரைபோசோம் ஆர்என்ஏ, டிஆர்என்ஏ எல்லாம் எழுதுற பாலிமரேஸ் 1, 3 ரெண்டுக்கும் இந்த வால் கிடையாது, அதனாலதான் எம்ஆர்என்ஏவுக்கு கிடைக்கிற இந்தத் தொப்பி ரைபோசோம் ஆர்என்ஏவுக்கும் டிஆர்என்ஏவுக்கும் கிடைக்கிறதில்ல.

படி 4: நிறுத்துங்க, அப்புறம் பச்சை பொட்டு

மனுஷன், பழ ஈ மாதிரி உயிர்கள்ல நிறைய ஜீன்ல பாலிமரேஸ் 20லேருந்து 60 எழுத்து வரைக்கும் போய்ட்டு அப்படியே நின்னுடும். நெல்ஃப், டிசிஃப்னு ரெண்டு புரோட்டீன் கூட்டம் பிடிச்சு நிறுத்துறாங்க. பழ ஈயோட ஹீட் ஷாக் ஜீன்ல (சூட்டுலேருந்து செல்லைக் காப்பாத்துற ஜீன்) இப்படி ரெடியா நின்னுட்டிருக்கிறதாலதான் சூடு பட்டதும் சட்டுனு வேலை ஆரம்பிக்க முடியுது. ரிப்பனையும் அங்கயே நிறுத்துங்க.

இப்ப பி-டெஃப்பினு இன்னொரு புரோட்டீன் கூட்டம் வருது, அதுக்குள்ள பாஸ்பேட் ஒட்டுற என்சைம் சிடிகே9 இருக்கு. அது பிடிச்சு வச்சிருக்கிற ரெண்டு பேர் மேலயும் பாஸ்பேட் ஒட்டும், நெல்ஃப் கழண்டு போயிடும், டிசிஃப் கட்சி மாறி ஓட்டத்துக்கு உதவ ஆரம்பிச்சுடும், வால்ல செரின் 2-லயும் பாஸ்பேட் ஏறத் தொடங்கும். பச்சை பொட்டை ஒட்டிக்கிட்டே ரிப்பனை நகர்த்துங்க, நகர நகர சிவப்பை ஒண்ணொண்ணா எடுத்துடுங்க.

எச்ஐவி வைரஸ் கை வைக்கிறதும் இங்கதான். அதோட டாட் புரோட்டீன் பி-டெஃப்பியை இழுத்துட்டு வந்து வைரஸ் ஆர்என்ஏ பக்கத்துல நிறுத்துது, டாட் இல்லேன்னா பாலிமரேஸ் பெரும்பாலும் கொஞ்ச தூரத்துலயே நின்னுபோகும். இந்தப் படியைக் கண்ட்ரோல் பண்ணா ஜீனையே கண்ட்ரோல் பண்ணலாம்னு ஒரு வைரஸுக்கே பிடிபட்டிருக்கு பாருங்க.

படி 5: கடைசில எல்லாத்தையும் எடுங்க

ஜீன் முடிவுக்கு வரும்போது பச்சைதான் நிறைய இருக்கணும். ஆர்என்ஏவை வெட்டுற கூட்டத்துல இருக்கிற பிசிஎஃப்11 புரோட்டீன் அதைப் பிடிச்சுக்கும், ஆர்என்ஏ வெட்டப்படும், பாலிமரேஸ் இறங்கும். பாஸ்பேட்டை எடுக்கிற என்சைம்களும் இருக்கு: எஸ்எஸ்யு72 செரின் 5-ல மிச்சம் இருக்கிறதை எடுக்கும், எஃப்சிபி1 செரின் 2-ல இருக்கிறதை. எல்லா பொட்டையும் உரிச்சாத்தான் ரிப்பன் திரும்ப ப்ரோமோட்டருக்கு போகலாம், ஏன்னா மீடியேட்டருக்கு சுத்தமான வால்தான வேணும்.

படி 6: தப்பா ஒட்டிப் பாருங்க

இப்ப ரிப்பனை மறுபடி ப்ரோமோட்டர்ல வச்சு, சிவப்பே ஒட்டாம நேரா பச்சையை ஒட்டி ஓட்டுங்க. எந்த எந்த இடத்துல யாரு வராம போயிருப்பாங்கன்னு ஜீன் கோட்டுக்கு கீழ எழுதுங்க, தொப்பி இல்லாத அந்த ஆர்என்ஏவுக்கு என்ன ஆகும்ங்கிறதையும் சேர்த்து எழுதிட்டு, படி 3-ஐ திரும்ப வாசிச்சு சரி பாருங்க.