மொட்டை மாடியில் 'சிங்கிங் இன் தி ரெய்ன்' போடுவது எப்படி

'சிங்கிங் இன் தி ரெய்ன்' 1952-ல் வந்த ஹாலிவுட் பாட்டு-நடனப் படம். ஜீன் கெல்லி, டொனால்ட் ஓ'கானர், டெபி ரெனால்ட்ஸ் மூன்று பேரும் சேர்ந்து ஆடியது. எங்கள் சென்னை ராயபுரம் வீட்டு மாடியில் இதுவரை மூன்று தடவை போட்டிருக்கிறேன். முதல் தடவை பாதியிலேயே எங்கள் ஆயா "எனக்கு என்னடா புரியுது இதுல" என்று எழுந்து போய்விட்டார்கள். தப்பு என்னுடையதுதான். கதையிலிருந்து ஆரம்பித்தேன், காலிலிருந்து ஆரம்பித்திருக்க வேண்டும்.

முதலில் திரை. எம்.சி. ரோட்டுத் துணிக்கடையில் வெள்ளைக் காடாத்துணி வாங்கி, 8 அடி அகலம் 6 அடி உயரத்துக்குத் தைத்துக்கொள்ளுங்கள். அடி மடிப்பில் ஒரு இரும்புக் கம்பி நுழைகிற அளவுக்கு இடம் விடச் சொல்லுங்கள், இல்லையென்றால் கடல் காற்றில் துணி புடைத்து, ஆடுகிறவர் கால் வளைந்து தெரியும். ஏன் 8-க்கு 6 என்றால், அகலத்திரை பரவுவதற்கு முன்னால் எடுத்த படம் இது, சட்டகம் கிட்டத்தட்ட அந்தக் கணக்குதான். புரொஜெக்டரில் 'ஜூம்' வைத்து இன்றைய டிவி மாதிரி அகலமாக்கினால் மேலே தலையும் கீழே பாதமும் வெட்டுப்படும். நடனப் படத்தில் பாதம் போனால் படமே போச்சு. இரண்டு பக்கமும் கறுப்பாக இருந்தால் இருக்கட்டும்.

சத்தத்திலும் அதே கவனம் வேண்டும். ஷூவின் முன்பக்கமும் குதிகாலிலும் உலோகத் தகடு வைத்து, தரையையே வாத்தியமாக்குவதுதான் இந்தப் படத்தில் ஆடுகிற டேப் டான்ஸ். நம் ஊர் ஸ்பீக்கர்களில் எப்போதும் பேஸ் (கனத்த அடித்தொனி) ஏற்றித்தான் இருக்கும், அதைக் குறைத்துவிட்டு, ஸ்பீக்கரைத் திரைக்குப் பக்கத்தில் வையுங்கள். அப்போதுதான் அந்த 'டக டக' தனியாகக் காதில் விழும்.

சரி, எதை முதலில் போடுவது? நடுவிலிருந்து 'மோசஸ் சப்போசஸ்' பாட்டை மட்டும் எடுத்துப் போடுங்கள். உச்சரிப்பு சொல்லித்தர வந்த வாத்தியார் ஒரு நாப்பிறழ் வாக்கியம் கொடுக்க, கெல்லியும் ஓ'கானரும் அதையே பிடித்துக்கொண்டு மேசை நாற்காலி மேலெல்லாம் ஏறி ஆடுவார்கள். அர்த்தம் தேவையே இல்லை, எல்லாம் தாளம். இரண்டாவது தடவை இப்படித்தான் செய்தேன். எங்கள் தெருவில் கானா கச்சேரிக்குச் சட்டி மேளம் அடிக்கிற அண்ணன் ஒருவர், பக்கத்தில் கிடந்த காலித் தண்ணீர் கேனை மடியில் இழுத்து வைத்து விரலால் கூடவே அடிக்க ஆரம்பித்துவிட்டார். ஆயா அன்றைக்குக் கடைசிவரை உட்கார்ந்திருந்தார்கள்.

அப்புறம் கதையை நாலு வரியில் சொல்லிவிட்டு முதலிலிருந்து ஓட்டுங்கள்: 1927, பேசும் படம் வந்துவிட்டது, பெரிய கதாநாயகிக்குக் குரல் கீச்சென்று இருக்கிறது, இன்னொரு பெண் மறைவில் நின்று குரல் கொடுக்கிறாள். பின்னணிக் குரல் கேட்டே வளர்ந்த நமக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

ஓடும்போது பேசாதீர்கள். ஓ'கானர் சுவரில் ஓடி ஏறிக் குட்டிக்கரணம் அடிக்கிற இடத்தில் சின்னப் பிள்ளைகள் தானாகக் கத்துவார்கள். 'குட் மார்னிங்' பாட்டுக்கு முன்னால் மட்டும் ஒரு வார்த்தை சொல்லுங்கள்: டெபிக்கு அப்போது 19 வயதுதான், ஜிம்னாஸ்டிக்ஸ் பழகிய பெண், முறையாக நடனம் கற்றவர் இல்லை, இந்த ஒரு பாட்டை எடுத்து முடித்தபோது காலில் ரத்தம் வந்திருந்தது. அதைத் தெரிந்துகொண்டு அந்தச் சிரித்த முகத்தைப் பார்ப்பது வேறு மாதிரி இருக்கும். அதை அடுத்து மழைப் பாட்டு. கெல்லி குடையை மடக்கிவிட்டு, விளக்குக் கம்பத்தில் தாவி, தேங்கிய தண்ணீரில் குழந்தை மாதிரி குதிக்கிறாரே, காய்ச்சலோடு ஆடியது அது. டீயை அந்தப் பாட்டு முடிந்த பிறகு கொடுங்கள்.

படம் முடிந்ததும் பிள்ளைகள் கீழே போக மாட்டார்கள். ஒரு பிளைவுட் பலகையைப் போட்டு, பள்ளிக்கூட ஷூவை மாட்டச் சொல்லுங்கள். முட்டியைக் கொஞ்சம் மடக்கி, ஒரு காலில் நின்று, மற்ற காலின் முன்பாதத்தால் தரையை முன்னே ஒரு தடவை, பின்னே ஒரு தடவை உரச வேண்டும். இதற்குப் பெயர் ஷஃபிள். கணுக்கால் தளர்வாக இருந்தால் இரண்டு சத்தமும் தனித்தனியாகக் கேட்கும், விறைத்தால் ஒன்றாக ஒட்டிக்கொள்ளும். கீழ் வீட்டில் தூங்குகிற நேரமென்றால் பலகைக்கு அடியில் பழைய பெட்ஷீட்டை மடித்துப் போடுங்கள்.