'பேலஸ் ஆன் வீல்ஸ்' முதல் பயணம்: டிக்கெட் போடுவதிலிருந்து டெல்லி திரும்பும் வரை

அம்மா முப்பத்திரண்டு வருஷம் வரலாறு டீச்சர். ராஜஸ்தானின் சித்தூர்கர் (சித்தூர்) கோட்டை முற்றுகையை வருஷா வருஷம் கரும்பலகையில் படம் போட்டு நடத்தியவர். ஆனால் ஹைதராபாத்துக்கு வடக்கே கால் வைத்ததில்லை. அவர் ரிட்டயர் ஆனதும் நானும் தங்கையும் பணம் சேர்த்து, அம்மாவை ராஜஸ்தான் சொகுசு ரயிலில் அழைத்துப் போவது என்று முடிவு செய்தோம். துணைக்குப் போனது நான். போய் வந்ததிலிருந்து "எப்படிப் போடுவது, என்ன எடுத்துக்கொள்வது" என்று கேட்காத சொந்தக்காரர் இல்லை. எல்லோருக்கும் ஒரே பதிலாக இது.

படி 1: இது என்ன ரயில் என்று முதலில் புரிந்துகொள்ளுங்கள்

ராஜஸ்தான் சுற்றுலா வளர்ச்சிக் கழகமும் இந்திய ரயில்வேயும் சேர்ந்து 1982 ஜனவரி 26 அன்று தொடங்கிய ரயில் இது. சமஸ்தான ராஜாக்கள் தங்களுக்கென்று செய்துவைத்திருந்த சலூன் பெட்டிகளைக் கோத்துத்தான் முதலில் ஓட்டினார்கள். (சலூன் என்றதும் முடிவெட்டும் கடை ஞாபகம் வந்தால் நான் பொறுப்பில்லை.) அவை மீட்டர் கேஜ் என்ற குறுகலான பாதைக்கான பெட்டிகள். 90-களில் தண்டவாளம் அகலப் பாதையானதும் புதிய பெட்டிகள் வந்துவிட்டன. ஆகவே "மகாராஜா படுத்த கட்டில்" என்று எந்த ஏஜென்டாவது சொன்னால் சிரித்துக்கொண்டே கேட்டுக்கொள்ளுங்கள். அலங்காரம்தான் பழசு, கட்டில் புதுசு.

ஏழு இரவு, எட்டுப் பகல். டெல்லி சப்தர்ஜங் நிலையத்தில் புதன்கிழமை மாலை ஏறினால் ஜெய்ப்பூர், சவாய் மாதோபூர், சித்தூர்கர், உதய்ப்பூர், ஜெய்சல்மேர், ஜோத்பூர், பரத்பூர், ஆக்ரா என்று சுற்றி அடுத்த புதன் காலை அதே நிலையத்தில் இறங்குவீர்கள். வரிசையும் நேரமும் சீசனுக்குச் சீசன் கொஞ்சம் மாறும் என்பதால், உங்கள் தேதிக்கான பயணத் திட்டத்தை வாங்கிப் பார்த்த பிறகே பணம் கட்டுங்கள்.

புதிதாகப் போகிறவர்கள் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. இந்த ரயில் பெரும்பாலும் இரவில் ஓடி, பகலில் நிற்கும். ஜன்னலோரம் உட்கார்ந்து நாள் முழுக்க ஊர் பார்க்கும் ஆசை இருந்தால் இது உங்களுக்கான ரயில் அல்ல. தூங்கி எழுந்தால் அடுத்த ஊர் வாசலில் நிற்கிற லாட்ஜ் என்று நினைத்துக்கொள்ளுங்கள், கணக்கு சரியாக இருக்கும். சவாய் மாதோபூரிலிருந்து சித்தூர்கர் வரை மட்டும் நல்ல வெளிச்சத்தில் ஓடியது. இரு பக்கமும் கடுகு வயல், மஞ்சள் மஞ்சளாக. அந்த நேரத்தைத் தூங்கிக் கழித்துவிடாதீர்கள்.

படி 2: மாதத்தைத் தேர்ந்தெடுங்கள்

செப்டம்பர் முதல் ஏப்ரல் வரைதான் ஓடும். அக்டோபரிலிருந்து மார்ச் வரை கட்டணம் அதிகம், சீசனின் இரண்டு ஓரங்களிலும் குறைவு. ஏப்ரலில் ஜெய்சல்மேர் வெயிலை நம் வேலூர் வெயிலோடு ஒப்பிட்டுத் தைரியம் கொள்ள வேண்டாம். பெரியவர்களை அழைத்துப் போனால் நவம்பர் அல்லது பிப்ரவரி. டிசம்பர், ஜனவரியில் போகலாம், ஆனால் விடியற்காலைக் குளிர் பொல்லாதது.

படி 3: பணம்

ஆளுக்கு லட்சக்கணக்கில் ஆகும், ஒளித்து மறைத்துச் சொல்ல ஒன்றுமில்லை. சுற்றுலாக் கழகத்தின் இணையதளத்திலோ அங்கீகாரம் பெற்ற ஏஜென்ட் மூலமோ போடலாம். ஓர் அறையில் இருவர் தங்கும் கணக்கில்தான் தலைக்கு இவ்வளவு என்று போடுவார்கள். தனியாகப் போனால் அறையின் பாரம் முழுக்க உங்கள் தலையில் விழும், ஒரு ஜோடி சேர்த்துக்கொள்வதே லாபம்.

தங்குவது, மூன்று வேளைச் சாப்பாடு, ஏசி பஸ், வழிகாட்டி, நுழைவுச் சீட்டு எல்லாம் கட்டணத்துக்குள் அடக்கம். மது, துணி சலவை, டிப்ஸ் போன்றவை தனி. ஜிஎஸ்டியும் தனி. நாங்கள் முதலில் விசாரித்த ஏஜென்ட் போனில் "எல்லாம் சேர்த்துதான் சார்" என்றார். பில் வந்தபோது அந்த 'எல்லாம்' என்ற சொல்லுக்குள் வரி இல்லை. அதிலிருந்து எதையும் வாய்மொழியாக வாங்குவதில்லை, மெயிலில் எழுதி வாங்குகிறேன். ரத்து செய்தால் எத்தனை நாளுக்கு முன் எவ்வளவு பிடிப்பார்கள் என்பதையும் அந்த மெயிலிலேயே கேட்டுவிடுங்கள்.

படி 4: பெட்டி கட்டுவது

அறை சின்னது. உருட்டும் பெரிய பெட்டியைத் திறந்து வைத்தால் நடக்க இடமிருக்காது. துணிப்பை மாதிரி மடங்குகிற பையாக எடுத்துக்கொண்டால் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடலாம். பட்டுப்புடவை ஒன்று போதும், அம்மா நான்கு எடுத்து வந்து மூன்றைக் கட்டாமலே திரும்பக் கொண்டுவந்தார். இரண்டு ஸ்வெட்டர், காதை மூடும் குல்லா, பின்பக்கம் பட்டை வைத்த செருப்பு அல்லது ஷூ. கோட்டை என்றாலே ஏற்றமும் படியும்தான். முட்டிவலி உள்ளவர்கள் கைத்தடியைக் கூச்சப்படாமல் எடுத்துக்கொள்ளுங்கள். ஆதார் போன்ற அடையாள அட்டை எல்லோருக்கும் வேண்டும். வெளிநாட்டுப் பாஸ்போர்ட் வைத்திருக்கும் உறவினர் வந்தால் அவருக்குப் பாஸ்போர்ட்டும் விசாவும்.

படி 5: சரியான நிலையத்துக்குப் போங்கள்

சிரிக்காதீர்கள். நம் ஊர் ரயில்கள் வந்து நிற்கும் புதுடெல்லி, நிஜாமுதீன் நிலையங்கள் வேறு, சப்தர்ஜங் வேறு. அதுமட்டுமல்ல, டெல்லியில் சப்தர்ஜங் என்ற பெயரில் ஆஸ்பத்திரி உண்டு, விமான தளம் உண்டு, கல்லறை உண்டு. நான் ஆட்டோக்காரரிடம் வெறுமனே "சப்தர்ஜங்" என்றேன். அவர் நேராகக் கல்லறை வாசலில் கொண்டு விட்டார். அம்மா எட்டிப் பார்த்து, "இதுவும் நல்லாத்தான் இருக்கு, ஆனா ரயில் எங்கடா?" என்றார். "சப்தர்ஜங் ரயில்வே ஸ்டேஷன்" என்று முழுசாகச் சொல்லுங்கள். மாலை நான்கு மணிக்கெல்லாம் அங்கே இருந்தால் அவசரமில்லாமல் ஏறலாம்.

படி 6: ரயிலுக்குள் பழகுவது

பதினான்கு சலூன்கள். ஒவ்வொன்றுக்கும் பழைய சமஸ்தானத்தின் பெயர்: ஜெய்ப்பூர், பூந்தி, கோட்டா, சிரோஹி, கிஷன்கர் என்று. எங்களுடையது ஜாலாவாட். ஒரு சலூனில் நான்கு அறைகள், உட்கார்ந்து பேச ஒரு கூடம், கவனித்துக்கொள்ள 'கித்மத்கார்' எனப்படும் பணியாளர். முதல் நாளே அவரிடம் மூன்று விஷயம் சொல்லிவிடுங்கள்: காலையில் எத்தனை மணிக்கு எழுப்ப வேண்டும், காபியா டீயா, சாப்பாட்டில் எது ஆகாது.

குளியலறை அறைக்குள்ளேயே இருக்கிறது, வெந்நீரும் வருகிறது. ஆனால் ரயில் ஓடும்போது குளிக்கப் போகாதீர்கள். நான் போனேன். சோப்பு போட்டு முடித்த நேரம் பார்த்து வண்டி ஏதோ ஒரு சந்திப்பில் தடம் மாறியது. ஒரு கை குழாயில், ஒரு கை கதவில், கண்ணில் சோப்பு. இரண்டு நிமிஷம் அப்படியே நின்றேன். விடியற்காலை வண்டி நின்றபின் குளிப்பதே நல்லது.

மகாராஜா, மகாராணி என்று இரண்டு உணவுப் பெட்டிகள். சைவத்துக்குக் குறையே இல்லை. தால் பாட்டி சூர்மா (பருப்பு, 'பாட்டி' எனப்படும் சுட்ட கோதுமை உருண்டை, இனிப்புப் பொடி) ஒருநாள் சாப்பிட்டுப் பாருங்கள், ஆனால் நெய்யை நினைவில் வைத்து ஓர் உருண்டையோடு நிறுத்துங்கள். கேர் சங்ரி என்ற பொரியல் வந்தால் தவறவிடாதீர்கள். அந்த சங்ரி வேறெதுவுமில்லை, வன்னி மரத்துக் காய். நம் ஊரில் கோயில் மரமாகச் சுற்றி வந்து கும்பிடுகிறோம், மழை இல்லாத ஊரில் அதை வெயிலில் காயவைத்து வருஷம் முழுக்கச் சமைக்கிறார்கள். அம்மா சாப்பிடும் முன் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

படி 7: ஊருக்கு ஒன்று

முக்கியமான படி இதுதான். ஓர் ஊரில் உங்களுக்குக் கிடைப்பது சில மணி நேரம். வழிகாட்டி பத்து இடம் காட்டுவார். பத்தையும் பார்த்தால் வீட்டுக்கு வந்தபின் எந்த வளைவு எந்த அரண்மனையில் என்றே தெரியாது. அதனால் நாங்கள் ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம்: ஊருக்கு ஒரே ஒரு பொருள். அதன் முன் பத்து நிமிஷமாவது நிற்பது, மற்றதெல்லாம் போகிற போக்கில்.

ஜெய்ப்பூரில் ஹவா மஹல் முன்னால் எல்லோரும் படமெடுக்கிறார்கள், நீங்களும் எடுங்கள். 1799-இல் கட்டியது, 953 ஜன்னல். நாங்கள் நின்றது சிட்டி பேலஸில் இருக்கும் வெள்ளிக் குடத்தின் முன். ஆளுயரக் குடங்கள் இரண்டு. ஒவ்வொன்றும் 345 கிலோ, 14,000 வெள்ளிக் காசுகளை உருக்கிச் செய்தது. 1902-இல் ஏழாம் எட்வர்டின் முடிசூட்டு விழாவுக்கு லண்டன் போன ஜெய்ப்பூர் மகாராஜா இரண்டாம் மாதோ சிங், சீமைத் தண்ணீர் குடிக்க மாட்டேன் என்று கங்கை நீரை இவற்றில் நிரப்பிக் கப்பலேற்றினார். பக்கத்தில் தன் அரை லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலோடு நின்ற அம்மாவை ஒரு படம் எடுத்தேன். இந்தப் பயணத்தில் எனக்குப் பிடித்த படம் அதுதான்.

சவாய் மாதோபூரில் ரந்தம்போர் காடு. இருட்டோடு எழுப்பித் திறந்த வண்டியில் ஏற்றுவார்கள், காற்று கத்தி மாதிரி வெட்டும். ஸ்வெட்டர் இரண்டையும் இங்கேதான் போடுவீர்கள். புலி வரலாம், வராமலும் போகலாம். எங்களுக்குக் காலடித் தடம்தான் கிடைத்தது. புலிக்காகவே வந்தேன் என்கிறவர்கள் இந்த ரயிலை நம்பாமல் தனியாக இரண்டு நாள் ஒதுக்குங்கள், ஒரே ஒரு காலைப் பொழுது போதாது.

அதே நாள் மாலை சித்தூர்கர். மூன்று முறை விழுந்த கோட்டை: 1303-இல் அலாவுதீன் கில்ஜியிடம், 1535-இல் குஜராத் பகதூர் ஷாவிடம், 1568-இல் அக்பரிடம். கோட்டை என்றால் ஒரு கட்டடம் என்று நினைத்துப் போகாதீர்கள். அது ஒரு மலை, மேலே ஓர் ஊர் அளவுக்கு இடம், ஏறும் வழியில் ஏழு வாசல். எங்கள் வழிகாட்டி ஆண்டுகளைச் சொல்லத் தொடங்கியதும் அம்மா ஒவ்வொன்றையும் அவருக்கு முன்பே சொல்லிக்கொண்டு வந்தார். மூன்றாவதில் அவர் விட்டுக்கொடுத்து, "மாதாஜி, நீங்களே சொல்லுங்க" என்று மைக்கை நீட்டிவிட்டார். அம்மாவுக்குத் தெரிந்த இந்தி பத்து வார்த்தை. ஆனால் ராணா கும்பா கட்டிய ஒன்பது மாடி வெற்றித் தூணின் அடியில் வந்ததும் வாயே திறக்கவில்லை. "போர்டில் இதை இவ்வளவு குட்டையா போட்டுட்டேனே" என்று மட்டும் சொன்னார். இங்கே இருட்டுவதற்குள் பார்க்க வேண்டியதைப் பார்த்துவிடுங்கள், குளிர்காலத்தில் சீக்கிரம் வெளிச்சம் போய்விடும்.

உதய்ப்பூரில் பிச்சோலா ஏரிப் படகு. ஜெய்சல்மேரில் கோட்டைக்குள் இன்றும் குடும்பங்கள் வாழ்கின்றன. மஞ்சள் கல் சந்துக்குள் துணி காய்கிறது, குக்கர் விசில் அடிக்கிறது, 1156-இல் எழுந்த மதிலுக்குள். வழிகாட்டியிடம் சொல்லிவிட்டு ஒரு சந்தில் சும்மா நடங்கள். மாலை சாம் மணல்மேட்டில் ஒட்டகச் சவாரி உண்டு. ஒட்டகம் எழும்போது முதலில் பின்னங்காலைத் தூக்கும், அதனால் உடம்பைப் பின்னால் சாய்த்துக்கொள்ளுங்கள். முதுகுவலிக்காரர்களுக்கு மணலில் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பதே சுகம்.

ஜோத்பூரில் மெஹ்ரான்கர். 1459-இல் ராவ் ஜோதா அடிக்கல் நாட்டியது. பாறையிலிருந்து கோட்டை தொடங்கும் இடமே தெரியாது. நாங்கள் நின்றது லோகா போல் என்ற வாசலில். அங்கே சுவரில் வரிசையாகச் சின்னச் சின்னக் கைத்தடங்கள், குங்குமம் பூசி, சரிகைத் தாள் ஒட்டி. ராஜா இறந்தபின் சிதை ஏறப் புறப்பட்ட ராணிகள் பதித்துவிட்டுப் போனவை. கூட்டம் தொட்டுக் கும்பிட்டு நகர்ந்தது. அம்மா தன் கையை ஒன்றின் அருகே கொண்டுபோய், தொடாமல் எடுத்துக்கொண்டார். அந்தக் கை அவர் கையில் பாதிதான் இருந்தது.

கடைசிப் பகலில் இரண்டு ஊர். விடியலில் பரத்பூர் கேவலாதேவ் பறவைப் பூங்கா. சைக்கிள் ரிக்‌ஷாக்காரர்களே பறவை பெயர் சொல்லும் வழிகாட்டிகள், நல்ல கண் அவர்களுக்கு. இன்று சரணாலயமாக இருக்கும் இந்த ஏரி மகாராஜாவின் வாத்து வேட்டைக்காக உருவாக்கியது. வைஸ்ராய் லின்லித்கோ வந்தபோது, 1938-இல், ஒரே நாளில் 4,273 பறவைகளைச் சுட்டார்கள். கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள், எங்கே என்று ரிக்‌ஷாக்காரரைக் கேளுங்கள். பிறகு ஆக்ரா. தாஜ் மஹாலைப் பற்றி நான் சொல்ல என்ன இருக்கிறது? களைத்துப்போய்ப் பார்க்காதீர்கள், அவ்வளவுதான். பரத்பூர் முடிந்ததும் பஸ்ஸில் அரைமணி கண்ணயர்ந்துவிடுங்கள்.

படி 8: கடைகள்

கம்பளமும் நகையும் கண்ணைப் பறிக்கும். வாங்கியே ஆக வேண்டும் என்று சட்டமில்லை. நல்ல கல் எது, கண்ணாடி எது என்று எனக்குத் தெரியாது, உங்களுக்கும் தெரியாதென்றால் விலை உயர்ந்ததைத் தொடாதீர்கள். நாங்கள் ஜெய்ப்பூர் ரஜாய் (பஞ்சு வைத்துத் தைத்த போர்வை) இரண்டு வாங்கினோம். பஞ்சுபோல் மடங்கும், சென்னையில் போர்த்திக்கொள்ள ஒரு நாளும் வாய்க்காது.

படி 9: இறங்குவது

கடைசி இரவில் பையைக் கட்டி வைத்துவிடுங்கள். ஊழியர்களுக்கான டிப்ஸைத் தனித்தனியாக நீட்டாமல் ஒரு கவரில் போட்டுக் கொடுப்பது எல்லோருக்கும் போய்ச் சேரும். சில்லறை முன்பே மாற்றி வையுங்கள், ரயிலில் எல்லோரும் ஒரே நேரத்தில் சில்லறை தேடுவார்கள். புதன் காலை டெல்லி. ஊருக்குத் திரும்பும் விமானத்தைப் பிற்பகலுக்குப் போடுங்கள், ரயில் தாமதமானால் வயிற்றைக் கலக்காது.

இவ்வளவு பணம் இல்லையென்றால், இதே ஊர்களைச் சாதாரண ரயிலில் ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். சென்னையிலிருந்து ஜெய்ப்பூருக்கு நேரடி ரயில் இருக்கிறது. டெல்லியிலிருந்து ஜோத்பூருக்கு மண்டோர் எக்ஸ்பிரஸ், உதய்ப்பூருக்கு சேத்தக் எக்ஸ்பிரஸ், இரண்டும் இரவு வண்டிகள். கூடுதலாக ஒரு வாரம் பிடிக்கும், மூட்டையை நீங்களே தூக்க வேண்டும். தங்கையை அழைத்துக்கொண்டு அம்மா அடுத்து அப்படித்தான் போவதாக இருக்கிறார். சித்தூரில் மூன்று நாள் வேண்டுமாம்.