அயனிப் பலகையும் இரும்புக் காலும்: வீட்டிலேயே செய்யலாம் ஒரு பெஞ்சு

தக்கலை, குளச்சல் பக்கம் ஓட்டு வீட்டைப் பிரித்துக் கான்கிரீட் போடாத தெரு குறைவு. பிரித்த கழுக்கோலும் கதவுப் பலகையும் ஆக்கர் கடை (பழைய சாமான் கடை) வாசலில் மழையில் நனைந்து கிடக்கின்றன. அவற்றில் பல அயனி. ஆஞ்சிலி என்றும் சொல்வார்கள். பலாவின் உறவுக்கார மரம், படகு கட்டவும் போவது, கரையானுக்கு எளிதில் மசியாதது. அதை விறகு விலைக்குத் தள்ளிவிடுகிறவர்களைக் கண்டால் எனக்கு ஆத்திரம் வரும்.

கடைக்கார அண்ணாச்சி எதையும் தேக்கு என்றுதான் சொல்வார். நிறத்தை நம்ப வேண்டாம்; பழைய பலகை எல்லாமே வெளியே கறுத்திருக்கும். உளி நுனியால் ஓரத்தைச் சுரண்டுங்கள். உள்ளே மஞ்சள் கலந்த பழுப்பு தெரிந்தால் எடுங்கள். நுனி பொதபொதவென்று இறங்கினால் அங்கேயே விட்டுவிடுங்கள். நாலடி நீளத்தில் இரண்டு பலகை போதும்.

இழைப்புளியை எடுப்பதற்கு முன் பழைய ஒலிபெருக்கியின் காந்தத்தைப் பலகை முழுக்க மெதுவாக நகர்த்துங்கள். தலை ஒடிந்து மரத்துக்குள் ஒளிந்திருக்கும் ஆணிதான் எமன். காந்தம் இழுபடும் இடத்தில் சாக்பீஸால் குறியிட்டு, சுற்றிலும் உளியால் தோண்டிக் குறடால் பிடுங்குங்கள். பழைய பெயின்ட் இருந்தால் அதில் ஈயம் இருக்கலாம். உலர்வாகத் தேய்க்காமல் தண்ணீர் தொட்டுத் தேய்க்கவும், முகமூடியுடன்.

மரத்துக்கு இவ்வளவுதான். நம் கடற்காற்றில் பாடாய்ப் படுத்துவது இரும்பு.

25 மில்லிமீட்டர் சதுர பைப்பு, 2 மில்லிமீட்டர் கனம், கறுப்பு இரும்பாகவே வாங்குங்கள். துத்தநாகம் பூசிய ஜிஐ பைப்பு துருவைத் தாங்கும்தான்; ஆனால் பற்றவைக்கும்போது துத்தநாகப் புகை கிளம்பும், அதைச் சுவாசித்தால் காய்ச்சலும் நடுக்கமும் வரும். பெஞ்சின் உயரம் ஒன்றரை அடி. பலகையின் கனத்தைக் கழித்துவிட்டுக் காலை வெட்டுங்கள். இரண்டு செவ்வகக் கால்கள், அவற்றை இணைக்க இரண்டு நீளக் குழாய்கள்.

சின்ன இன்வெர்ட்டர் வெல்டிங் மெஷின், 2.5 மில்லிமீட்டர் 6013 வகை வெல்டிங் ராடு, 60 முதல் 70 ஆம்பியர். மழைக்காலத்தில் ராடு ஈரம் இழுத்திருக்கும், வெயிலில் காட்டினால் போதாது, சூடாக்கி உலர்த்துங்கள். நைலான் சட்டை ஆகாது, முழுக்கைப் பருத்திச் சட்டையும் மூடிய செருப்பும் வேண்டும். ஒரு பற்றவைப்புப் புள்ளிதானே என்று வெல்டிங் கண்ணாடி இல்லாமல் வைக்கிறவர்கள் இரவெல்லாம் கண்ணில் மணல் விழுந்ததுபோலத் துடிப்பார்கள்.

முதலில் மூலைகளில் புள்ளி மட்டும் வையுங்கள். மூலைக்கு மூலை குறுக்கு அளவு இரண்டும் சமமாக வந்த பிறகுதான் மூட்டு முழுக்கப் பற்றவைப்பு. ஒரு மூலை முடிந்ததும் எதிர் மூலைக்குப் போனால் சட்டம் கோணாது. கசடைத் தட்டி எடுத்து, கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, ஊசிமுனை ஓட்டை இருக்கிறதா என்று வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். உப்புக்காற்று அந்த ஓட்டை வழியாகத்தான் உள்ளே போகும். திறந்த குழாய் முனை எதையும் விடாமல் தகடு வைத்து அடைத்துவிடுங்கள். சாதாரண ரெட் ஆக்ஸைடு பிரைமரை நான் கடலோரத்துக்குச் சொல்ல மாட்டேன். எபாக்சி பிரைமர், மேலே இரண்டு கை பெயின்ட்.

பெயின்ட் காய்ந்த பிறகே பலகை ஏற வேண்டும். ஆனி ஆடியிலும் ஐப்பசி கார்த்திகையிலும் இங்கே மழை, மரம் அகலவாக்கில் உப்பும், பிறகு சுருங்கும். அதனால் போல்ட் துளையைக் குழாயில் அகலவாக்கில் நீளமாகப் போட்டு, இரு பலகைக்கும் நடுவே சிறு இடைவெளி விடுங்கள்.

அடிப்பக்கத்துக்கு முந்திரிக்கொட்டை ஓட்டு எண்ணெய் பூசலாம். கையுறை கட்டாயம், தோலைப் பொசுக்கிவிடும். உட்காருகிற பக்கத்துக்கு ஆளிவிதை எண்ணெய். துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள், தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். கொடியில் விரித்து உலர்த்துங்கள், அல்லது வாளித் தண்ணீரில் முக்கிவிடுங்கள்.